வாலில்லாத வினைச்சொல்

லத்தீன் என்று ஒரு மொழி இருந்தது, இப்போது அதை யாரும் வீட்டில் பேசுவதில்லை. அதற்கு ஒரு தாய்மொழி இருந்தது, அதை யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை. எழுதி வைக்காத அந்த மொழியின் வினைச்சொற்கள் எந்தெந்த விகுதியில் முடிந்தன என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. வெளிநாட்டில் உதவித்தொகை தீர்ந்துபோய், கடைசி அத்தியாயத்தை வீட்டில் இருந்தே எழுதிக்கொள்ளலாம் என்று சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்தபோது, எங்கள் துண்டுக் கடைக்கு அடுத்த பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் இதை இப்படியேதான் சொன்னேன். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பாஷையை இப்போது யார் பேசுகிறார்கள் என்றார். யாரும் இல்லை என்றேன். கல்லிலோ செம்பிலோ எழுதியாவது வைத்திருக்கிறானா என்றார். அதுவும் இல்லை என்றேன். எவர்சில்வர் குடத்தைத் துடைத்து அடுக்கில் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்.

"அப்பம் நீ எழுதுனதத் தப்புன்னு எவன் சொல்லப்போறான்? நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வேற சோலியப் பாரு மக்கா."

அண்ணாச்சி, எல்லாரும்தான் சொல்வார்கள். உலகத்தில் இந்தப் பாடத்தைப் படிக்கிற அத்தனை பேரையும் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஏறுகிற ஒவ்வொருவரும் அடுத்த சீட்டில் இருப்பவரின் வினைச்சொல் தப்பு என்று சொல்லத்தான் ஏறுகிறார்கள்.

வேலை செய்கிற முறை இதுதான். லத்தீனுக்குச் சகோதரிகள் சிலர் உண்டு. ஆஸ்கன், உம்பிரியன் என்று பெயர். அவர்கள் லத்தீனுக்கு முன்பே செத்துவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போனது சில வெண்கலத் தகடுகள், சில கல்வெட்டுகள், யாரோ எதற்கோ கீறிவைத்த பானை ஓடுகள். மகள்களின் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தாய் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்க வேண்டும். ஊகித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று அதற்கு அர்த்தம்.

சில சொற்கள் நல்ல பிள்ளைகள். 'கொடுத்தான்' என்பதற்கு லத்தீனில் தெதித், ஆஸ்கனில் தெதெத். வேரின் முதல் எழுத்தை முன்னால் ஒருமுறை இரட்டிப்பது அவர்கள் இறந்தகாலம் காட்டிய வழிகளில் ஒன்று. இரண்டு மகள்களும் ஒரே மாதிரி சாட்சி சொல்வதால் தாயும் அப்படித்தான் சொன்னாள் என்று நிம்மதியாக எழுதிவிடலாம். 'செய்தான்' என்பது அப்படி அல்ல. லத்தீன்காரி ஃபேக்கித் என்று உயிரை நீட்டுகிறாள். ஆஸ்கன்காரி ஃபெஃபாக் என்று முன்னால் இரட்டிக்கிறாள். தாயிடம் எது இருந்தது? இரண்டுமே இருந்ததா? இருந்தால் எது எதற்கு? என் கடைசி அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு 'செய்தான்' மேல்தான் நின்றது. நின்றது என்றால் நகரவே இல்லை. காலையில் ஃபெஃபாக் என்று எழுதுவேன், சாயங்காலம் அடிப்பேன். வீடியோ அழைப்பில் வருகிற என் ஆராய்ச்சி வழிகாட்டி அம்மையார், உனக்கு ஃபெஃபாக் பிடித்திருக்கிறது, அது மட்டும்தான் இந்தப் பக்கங்களில் நிரூபணமாகியிருக்கிறது என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர்காலம் இன்னும் மோசம். லத்தீன் ஒரு விகுதி போடும், ஆஸ்கன் சம்பந்தமே இல்லாத வேறொன்று போடும். தாயின் எதிர்காலம் என்னவென்று சொல்ல முடியாது என்று ஒரு வரி எழுதினேன். கடையைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, செத்தவளுக்கு என்ன எதிர்காலம் என்று கேட்டுவிட்டுப் போனான். அவனுக்கு ஒருமுறை விளக்க உட்கார்ந்ததில் இன்னொரு வம்பும் தெரிந்தது. நிகழ்காலத்தில் 'அவன்' என்று காட்ட அவர்கள் ஒரு அழுத்தமான 'த்' போட்டார்கள், 'காத்து' என்பதில் வருகிற த். இறந்தகாலத்தில் ஒரு மெல்லிசான 'த்', 'பந்து' என்பதில் வருகிற த். என் ஆராய்ச்சியில் பாதி இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதைத் தாளில் தமிழில் எழுதிக் காட்டப் போனால் இரண்டும் ஒரே எழுத்து. இதுக்கா இத்தனை வருசம் போச்சு என்று அண்ணன் கேட்டபோது அவனை அடிக்கக் கை ஓங்கினேன்.

இந்தக் குழப்பம் எதிலும் சிக்காத ஒரே வடிவம் ஏவல். 'செய்', 'கொடு', 'போ' என்று ஒருவனை நேருக்கு நேர் ஏவுவது. அதற்கு விகுதியே கிடையாது. வேர் மட்டும்தான். லத்தீனில் 'ஈ' என்றால் போ. அவ்வளவுதான் சொல். தமிழிலும் அப்படித்தானே, வாலை எல்லாம் வெட்டிவிட்டால் மிஞ்சுகிற வேரே கட்டளை. ஏவலுக்கு நான் அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருந்தேன். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது நான் வந்து ஒரு மாதத்துக்குள். கடையில் துண்டுக் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவர் வலது கை போன பக்கமே சாய்ந்துவிட்டார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சு போய்விட்டது.

அப்பா பேச்சைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. அவர் பேச்சில் பெயர்ச்சொல் குறைச்சல், எல்லாம் வினைதான், அதுவும் நீளமான வினை. "அனுப்பிவச்சிருந்தேம்லா", "வந்துருவாம்லா", "சொல்லிக்கிட்டேல்லா இருக்கேன்" என்று வாலுக்கு மேல் வால் வைத்துப் பேசுவார். தறிக்காரர்கள், லாரிக்காரர்கள், ஈரோட்டு வியாபாரி என்று எல்லாரையும் போனில் அந்த வாலாலேயே கட்டி இழுத்து வேலை வாங்கிவிடுவார். அந்த மனிதர் வீட்டுக்கு வந்த பிறகு பல நாள் வெறும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு 'தண்ணி' வந்தது. 'வலி' வந்தது. அப்புறம் ஒரு காலையில் அண்ணனைப் பார்த்து, "எடு" என்றார்.

வீடே குதித்தது. அண்ணன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தான், இடது கையால் தட்டிவிட்டார். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான், அதையும் தட்டிவிட்டார். துண்டு, செல்போன், விபூதித் தட்டு என்று அலமாரியே கட்டிலுக்கு வந்துவிட்டது. "எடு, எடு" என்று அவர் கத்த, அண்ணன் எதை எடுப்பது என்று தெரியாமல் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அடுத்தடுத்த நாட்களில் 'குடு', 'வா', 'போ', 'பாரு' எல்லாம் வந்தன. ஒன்றுக்கும் வால் இல்லை. விசாரிக்க வந்த பாத்திரக்கடை அண்ணாச்சி, "முதலாளி படுத்துக்கிட்டேல்லா அதிகாரம் பண்ணுதாரு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத்தான் சட்டென்று உறைத்தது. இது அதிகாரம் இல்லை. சரக்கு எடுத்தாச்சா, எடுக்கப்போறியா, நான்தான் எடுத்து வைத்தேனே, இதில் ஏதோ ஒன்றைத்தான் கேட்கிறார் அல்லது சொல்கிறார். யார், எப்போது, உண்டா இல்லையா, கேள்வியா பதிலா என்று சொல்கிற வால்கள் மட்டும் உதிர்ந்து போயிருக்கின்றன. வேர் தனியாக நிற்காத பாஷைக்காரன் வீட்டில் இப்படி நடந்திருந்தால், உடைந்த சொல் உடைந்த சொல்லாகவே காதில் விழுந்திருக்கும், ஐயோ பாவம் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். நம் பாஷையில் உடைந்து மிஞ்சுவதே ஒரு முழுச்சொல், அதுவும் கட்டளை. அதனால் அப்பா வாயைத் திறந்தபோதெல்லாம் நாங்கள் ஓடினோம். தப்பான திசையில் ஓடினோம்.

திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் சில பட அட்டைகள் தந்திருந்தார். ஒரு படத்தில் ஒரு பெண் தோசை சாப்பிடுகிறாள். அடியில் 'பெண் தோசை சாப்பிடுகிறாள்' என்று அச்சிட்டிருந்தது. அதை அப்பா சொல்ல வேண்டும். எனக்கு அட்டையைப் பார்த்ததுமே எரிச்சல். எங்கள் ஊரில் பிறந்த யாராவது வாயால் 'சாப்பிடுகிறாள்' என்று சொல்லியிருக்கிறார்களா? இங்கே 'சாப்பிடுதா'. அவர் வாயில் எந்நாளும் இல்லாத விகுதியை, இருந்த விகுதியே தொலைந்த பிறகு, எங்கிருந்து கொண்டு வருவார்? அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, "சாப்பிடுதா, எங்க, நீங்க சொல்லுங்க, சாப்பிடுதா" என்று சொல்லிக் கொடுத்தேன். அப்பா என் வாயையே உற்றுப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"சாப்பிடு" என்றார்.

அடுப்படியில் இருந்து அம்மா, "நான் அப்பமே சாப்புட்டேன், நீங்க சொல்லுததச் சொல்லுங்க" என்றாள். குரலில் அப்படி ஒரு மலர்ச்சி. கல்யாணமான நாளில் இருந்து அவளைச் சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லையாம். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி வேலை செய்தாள். நான் திருத்தப் போகவில்லை. படத்தில் இருக்கிற பெண்ணைச் சொல்கிறார் என்று சொல்லி யாருக்கு என்ன லாபம்.

ஆனால் அதே வாயில் இருந்துதான் 'போ'வும் வந்தது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தால் 'போ'. உடம்பு துடைத்துவிட்டால் 'போ'. கஞ்சியை ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு எழுந்தால் 'போ'. எனக்குச் சொல்வதில்லை, அண்ணனுக்குச் சொல்வதில்லை. அம்மாவுக்கு மட்டும். முதலில் அவள் அதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டாள். பிறகு பேச்சைக் குறைத்தாள். பிறகு அவர் அறைக்குள் தேவைக்கு மேல் நிற்பதை விட்டாள். மலம் அள்ளுகிறவளைப் பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அவர் 'போ' என்ற ஒரு காலையில், வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லுதியே, இதுக்குச் சொல்லு. என்னையக் கண்டா மட்டும் எதுக்குப் போங்காக?"

அந்த நிமிஷத்தில் இருந்து என் படிப்பு முழுக்க அந்த ஒற்றை எழுத்துக்கு முன்னால் வந்து நின்றது. போ. போறேன் என்கிறாரா, இனிமேல் பிழைக்க மாட்டேன், போகப்போகிறேன் என்று அவளிடம் மட்டும் சொல்கிறாரா? போயிராத என்கிறாரா, எதிர்மறை விகுதிதான் உதிர்ந்துவிட்டதா? என் மானம் போச்சே என்கிறாரா? போறியா என்று கேட்கிறாரா? இல்லை, கல்லு மாதிரி அந்தச் சொல் எப்படி இருக்கிறதோ அப்படியேதானா, போ? முப்பது வருஷ வாழ்க்கை அலுத்துப்போன மனிதர்கள் சொல்வது போலத்தானா? மனைவியை 'போ' என்று சொல்கிற கணவன்மார் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. எங்கள் அப்பாவும் நல்ல நாளிலேயே சொல்லக்கூடியவர்தான். அதுதான் என்னைக் கொன்றது. எல்லாமே நடக்கக்கூடியதாக இருந்தது.

கேட்டுப் பார்த்துவிடலாம் என்று போய் உட்கார்ந்தேன். தெளிவாக, மெதுவாக, "எப்பா, அம்மையப் போகாதன்னு சொல்லுதீகளா?" என்று கேட்டேன். ஆமாம் என்பது போல் தலையை ஆட்டினார். நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சரி, முறை என்று ஒன்று இருக்கிறதே என்று, "போன்னு சொல்லுதீகளா?" என்றும் கேட்டேன். அதற்கும் அதே மாதிரி ஆட்டினார். "நீங்க போறேங்கீகளா?" ஆட்டினார். ஆமாம், இல்லை இரண்டும் இந்த நோயில் குழம்பிப்போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து "பாரு" என்றார். எதைப் பார்க்க. யாரைப் பார்க்க. பார்த்தாயா என்கிறாரா, பார்த்துக்கொள் என்கிறாரா. எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அழவில்லை, ஆத்திரத்தில் அழுதேன். எப்போதோ செத்துப்போன, கண்ணால் காணாத ஒருத்தி 'செய்தான்' என்பதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன். கீழே உயிரோடு கிடக்கிற மனிதர் சொல்வதில் ஒரு விகுதியை என்னால் மீட்க முடியவில்லை. அங்கேயாவது மகள்கள் இரண்டு பேர் சாட்சி சொல்கிறார்கள். இங்கே இருக்கிற ஒரே மகள் நான்தான், என்னிடம் ஒரு சாட்சியமும் இல்லை.

அந்த வாரம்தான் வழிகாட்டி அம்மையாரிடம் இருந்து மின்னஞ்சல். அப்பா எப்படி இருக்கிறார் என்று அன்பாக விசாரித்துவிட்டு, ஃபெஃபாக்கா ஃபேக்கித்தா, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வாதாடு, இரண்டும் என்று எழுதினால் தேர்வாளர்கள் விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தார். கணினியை மூடிவிட்டுக் கீழே வந்தேன். அம்மா ஒரு பையில் சேலை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சிவகிரியில் என் மாமா, அம்மாவின் தம்பி, இருக்கிறார். அவர் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள், ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமாம். ஒத்தாசைக்கு அங்கே ஊர்ப்பட்ட ஆள் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளே சொன்னாள்.

"அவுக வாயால போன்னு எத்தன மட்டம் கேக்கணும் நான்? சொகமில்லாதவுகதான், எனக்கும் தெரியுது. காதுக்குத் தெரிய மாட்டேங்கே."

நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். அப்பா சொல்வது போ இல்லை, போகாதே என்பதாக இருக்கலாம், போறியா என்பதாக இருக்கலாம், வால்தான் உதிர்ந்துபோய்விட்டது என்றேன். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். என் வாய்க்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. அம்மா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

"செத்த பாஷைக்கு வாலு ஒட்டி ஒட்டி ஒனக்குப் பழகிப்போச்சு. அவுக சொல்லுக்கு நீயா வாலு ஒட்டாத, ஏட்டி."

வாசலில் அண்ணன் பைக்கை எடுத்ததும், "நான் போறேன்" என்றாள். இந்த ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் அப்படிச் சொல்லி நிறுத்துவதில்லை. போயிட்டு வாரேன் என்று முடிப்பார்கள். அவள் முடிக்கவில்லை. அவளுக்கு எந்த நோயும் இல்லை, வேண்டுமென்றேதான் முடிக்கவில்லை.

அவள் போன பிறகு அப்பாவிடம் 'போ' நின்றுவிட்டது. 'வா' பிடித்துக்கொண்டது. நான் மாடியில் உட்கார்ந்து இரண்டு வரி எழுதுவதற்குள் கீழே இருந்து "வா" என்று சத்தம் வரும். இறங்கி ஓடுவேன். என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போகும், கட்டில் சட்டத்தை இடது கையால் அடிப்பார். சிறுநீர்ப் பாத்திரம் வைத்தால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மின்விசிறி வேண்டாம். திரும்பி ஏறுவேன். மறுபடி "வா". படியேறி இறங்கி முழங்கால் விட்டுப்போயிற்று. ஒருமுறை பொறுக்க முடியாமல், "வந்துட்டேம்லாப்பா, இன்னும் எங்கன வர?" என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் கொண்டி விழுகிறபோது மட்டும்தான் அந்த 'வா' வருகிறது. பால்காரர், தபால்காரர், அண்ணன், கேட் சத்தம் கேட்டதும் 'வா'. அதுவும் 'வா' என்று இறங்கவில்லை. கடைசியில் மேலே ஏறியது. வா? அது ஏவல் இல்லை. வந்துட்டாளா என்று கேட்கிறார். விகுதி எல்லாம் போன பிறகும் கேள்வியின் ராகம் மட்டும் தொண்டையில் மிச்சம் இருக்கிறது.

எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என் காது வெண்கலத் தகட்டில் வளர்ந்த காது. தகட்டுக்கு ராகம் கிடையாது. எந்தக் கொல்லனும் குரல் ஏறியதா இறங்கியதா என்று வெட்டி வைக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்துப் பார்த்து, அப்பா சொன்ன 'போ'வையும் நான் எழுத்தாகவே பார்த்துத் தொலைத்துவிட்டேன். அந்த 'போ' ஏறியதா இறங்கியதா? மாதக்கணக்கில் ஒரே கூரைக்குக் கீழே கேட்டிருக்கிறேன், இப்போது எவ்வளவு யோசித்தும் காதில் வரவில்லை. ஏறியது என்று நினைத்தால் ஏறுகிறது. இறங்கியது என்று நினைத்தால் இறங்குகிறது. உனக்குப் பிடித்திருப்பது மட்டும்தான் நிரூபணமாகிறது என்று அந்த அம்மையார் சொன்னது நினைவுக்கு வந்து இன்னும் எரிச்சலாயிற்று.

இருந்தாலும் அம்மாவுக்குப் போன் போட்டேன். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினேன். அவர் உன்னைத்தான் தேடுகிறார், கேட் சத்தம் கேட்டால் வந்துட்டாளா என்று கேட்கிறார் என்று ஆரம்பித்தேன். அவுக அப்படிச் சொன்னாகளா, இல்லை நீ சொல்லுதியா என்றாள் அம்மா. முழுசாகச் சொல்லவில்லை, ராகம் அப்படி இருக்கிறது என்றேன். ராகமாம் என்று போனை வைக்கப் போனாள். அந்தச் சமயத்தில் அண்ணன் கடையில் இருந்து சாப்பாட்டுக்கு வந்தான். கேட் கொண்டி விழுந்தது.

"வா" என்றார் அப்பா. சத்தமாக.

எதிர்ப்பக்கம் கைக்குழந்தை ஒன்று அழுதது.

"யாரு, அவுகளா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். லைன் கட்டாயிற்று.

மறுநாள் மதியம் வந்து இறங்கினாள். எங்கள் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த வாரம், சிவகிரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை. செருப்பைக் கழற்றி, கால் கழுவி, பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே அப்பா அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், மகளாகப் போகவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு போனேன். இந்த முறை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும், விடக்கூடாது என்று போனேன்.

அப்பா அவளைப் பார்த்தார். உதடு ஒருபக்கமாக இழுத்தது. அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு ஆட்டோ, கூரையில் குழாய் கட்டிக்கொண்டு, எங்கள் தெருவுக்குள் திரும்பியது. ஜவுளி எடுப்போருக்கு ஆடித் தள்ளுபடி, சேலைக்குச் சேலை இலவசம் என்று அலறிக்கொண்டே ஜன்னலை ஒட்டி ஊர்ந்தது. அப்பா வாயைத் திறந்தார். உதடு குவிந்ததைப் பார்த்தேன். போ. ராகம் காதில் விழவில்லை. எந்த ராகமும் விழவில்லை. இலவசம், இலவசம் என்றுதான் விழுந்தது. அந்த ஆட்டோவின் டயரைக் குத்திக் கிழித்திருப்பேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ சத்தம் தேரடிப் பக்கம் போய்த் தேயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவள் எழுந்து அடுப்படிக்கு வந்தாள். ஆறிப்போயிருந்த கஞ்சியை மறுபடி அடுப்பில் ஏற்றி, கரண்டியால் கிண்டிக்கொண்டே நின்றாள். நான் நிலைப்படியில் நின்றேன்.

"போன்ல" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "வான்னுதான சொன்னாக?"

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அது கட்டளை இல்லை, குரல் ஏறியது. கேட்டது அவளைப் பற்றி இருக்கலாம். அண்ணன்தான் கேட்டைத் திறந்தான், அவனைப் பார்த்து வந்துட்டியா என்று கேட்டதாகவும் இருக்கலாம், கடையைச் சாத்திவிட்டு மதியம் ஏன் வருகிறாய் என்ற பழைய சண்டையாகவும் இருக்கலாம். எழுதினால் மூன்று வடிவம் எழுதி, மூன்றுக்கும் முன்னால் நட்சத்திரம் போட்டு, எதையும் முடிவாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று அடிக்குறிப்பு போட்டிருப்பேன். அவள் கரண்டியை நிறுத்திவிட்டாள். கஞ்சி கொப்பளிக்க ஆரம்பித்தது. அவள் தீயைக் குறைக்கவில்லை.

"ஆமா" என்றேன். "வான்னுதான் சொன்னாக."

"பெறகென்ன" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை அணைத்தாள். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, முந்தானையால் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.